எனக்குக் கிடைத்த காளி வேடம்

எங்கள் தெருவில் சினிமாப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை. நாடகப் பைத்தியம் நான் ஒருவன்தான். மற்ற பையன்கள் புதுப்படம் வந்தால் முதல் நாளே தியேட்டர் வாசலில் நிற்பார்கள். நான் தவக்காலம் எப்போது வரும் என்று காத்திருப்பேன். கடற்கரைப் பக்கம் மாதா கோயில் மைதானத்தில் அப்போது சிலுவைப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். மணலில் முன்வரிசையில் இடம் பிடிக்கச் சாயங்காலமே போய்விடுவேன்.

“நம்ம சாமியும் இல்ல, நம்ம ஆளுவளும் இல்ல. உனக்கு அங்கன என்னல வேலை?” என்பாள் அம்மா. ஆனாலும் போகவிடுவாள்.

அந்த நாடகத்தில் யூதாஸாக வருகிறவர் பகலில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். காட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பாரே, அந்த நடை எனக்குப் பிடிக்கும். முதுகை மட்டும் காட்டிக்கொண்டு ஒரு ஆள் இத்தனை வெட்கப்பட முடியுமா என்று இருக்கும். வீட்டு மொட்டைமாடியில் அதே மாதிரி நடந்து பார்ப்பேன். கீழ்வீட்டு அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, “என்னல, காலுல முள்ளு குத்திட்டா?” என்று கேட்டாள். என் கலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான்.

அப்பாவுக்குத் துறைமுகச் சாலையில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை. லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர்ப் பேச்சு, ஒவ்வொரு விதமான பேரம். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனால், வந்துபோன ஆளை மாதிரி அப்படியே செய்துகாட்டுவேன். கயிற்றை இழுத்துப் பார்ப்பது, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பது, வாங்காமலே போவதுபோல் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்புவது. அப்பா கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு, “படிக்கிற பயல் செய்யிற வேலையால இது?” என்பார். பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கை தட்டியவர்கள் நிறையப் பேர். அப்பா சிரித்த சிரிப்புக்கு அது ஈடாகாது.

நான் பிளஸ் டூ சேர்ந்த கோடையில் அப்பா கடையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கூடப் படித்தவன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, தைரியமாக இருக்கிறாய் என்று தோளில் தட்டினான். அது தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் நம் கன்னம் மாதிரியே இருக்காது, அப்படித்தான் இருந்தது.

அப்பா பிழைத்தார். பேச்சு குழறியது. காரணமே இல்லாமல் அழுவார். அது நோயின் கோளாறு, மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். புண் வராமல் இருக்க அவரை அடிக்கடி திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தலைப் பக்கம் அம்மா, கால் பக்கம் நான். தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சேலைக்கு மேலேயே பெல்ட் போட ஆரம்பித்தாள். கடையைப் பாதி நாள் பூட்டிவைத்தோம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அம்மா நேர்ந்துவிட்டிருந்தாள். ஆள் பிழைத்தால் மகன் தசராவுக்குக் காளி வேடம் கட்டுவான் என்று குலசை முத்தாரம்மனுக்கு நேர்ச்சை. எங்கள் பக்கத்தில் தசரா என்றால் கொலு இல்லை, வேடம். விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, குரங்கு, கரடி, போலீஸ், குறத்தி, ராஜா என்று ஆளாளுக்கு ஒரு வேடம் போட்டு, செட்டு என்கிற குழுக்களாகச் சேர்ந்து மேளத்தோடு தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி, கடைசியில் குலசையில் கொண்டுபோய்ச் செலுத்துவார்கள். வேடம் கட்டியவன் வெறும் ஆள் இல்லை. பெற்ற தாயே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். அதிலும் காளி என்றால் விரதமும் கடுமை, மரியாதையும் அதிகம். காளி கட்டியவர் வாயிலிருந்து வருவது அம்மன் வாக்கு என்றுதான் ஜனங்கள் காத்துக்கிடப்பார்கள்.

சின்ன வயதிலிருந்து எனக்குக் காளி வேடத்தின் மேல் கொள்ளை ஆசை. கேட்டபோதெல்லாம், “அது என்ன உன் பள்ளிக்கூடத்து டிராமாவா?” என்று அம்மா வாயை அடைத்திருக்கிறாள். அப்பா விழுந்ததால் அது எனக்குத் தானாகக் கிடைத்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தோஷப்பட வெட்கப்பட்டிருக்கவாவது வேண்டும். இரண்டும் இல்லை. சரி என்றேன்.

இன்னொரு காரியமும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் நாடகத்தையே பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்திருந்தேன். ஒரு நாள் அப்பாவின் படுக்கை விரிப்பை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். பிளஸ் டூ முடித்ததும் அங்கே போகணும் என்றேன். அவள் விரிப்பை மடித்து முடித்து அலமாரியில் வைத்தாள். போகாவிட்டால் இங்கேயே பி.காம்., அதன் பிறகு தார்ப்பாய்க் கடை. நாடகம் என்கிற பேச்சு அத்தோடு சரி. இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

விரதம் தொடங்கியதும் வீட்டை விட்டு வந்தாயிற்று. எங்கள் ஊர் அம்மன் கோயில் பக்கத்தில் செட்டுக்காரர்கள் ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். அங்கேயே படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. பள்ளிக்கூடத்துக்கும் சிவப்பு வேட்டியோடுதான் போனேன். வாத்தியார்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைத் தூக்க அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

முதன்முதலில் கிரீடத்தைத் தலையில் வைத்தபோது கழுத்து உள்ளே இறங்கிவிடும் போலிருந்தது. சடை, பல், நாக்கு, முதுகில் கட்டிய அட்டைக் கைகள், சூலம். முகம் முழுக்கச் சாயம். மேளம் அடித்து ஒரு சுற்று ஆடியதும் நெஞ்சுக்குள் ஏதோ நகர்ந்தது. மாதக்கணக்கில் நகராமல் இருந்த ஒன்று. அது பக்தியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் நன்றாகச் செய்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. வேடத்தைக் கழற்றி முகம் கழுவினால் மறுபடியும் மரக்கட்டை.

ஜனங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்தார்கள். பையனுக்கு வேலை கிடைக்குமா, மகளுக்கு மாப்பிள்ளை அமையுமா, கடலுக்குப் போனவருக்கு நல்லபடியாக இருக்குமா என்றெல்லாம் கேட்டார்கள்.

செட்டுத் தலைவர் அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். “நல்ல வாக்கா சொல்லுங்க சாமி. அவங்க அழுதுட்டுப் போவப்பிடாது.” நானும் கேட்பவர் முகத்தைப் பார்த்து, அவர் என்ன கேட்க ஆசைப்படுகிறாரோ அதைச் சொன்னேன். எதிரே நிற்கிறவரின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன்தான் நடிகன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அவர்கள் முகம் தெளிந்து போகும்போது அந்தக் கர்வம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

செட்டு எங்கள் தெருவுக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள். என் காலில் தண்ணீர் ஊற்றினாள். பெல்ட்டோடு குனிய முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெல்ல மண்டியிட்டு, என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காளி காலை இழுத்துக்கொள்ளமாட்டாள். நின்றேன்.

எழுந்து கையைக் கூப்பினாள். மேளத்தை நிறுத்தச் சொல்லி அண்ணாச்சி கை காட்டினார்.

“தாயே, ஒரு வாக்குச் சொல்லணும்,” என்றாள். “எம் மவன் வெளியூருக்குப் படிக்கப் போணும்னு சொல்லுதான். அவிய படுத்த படுக்கையா கெடக்காவ. அவன அனுப்பட்டுமா, இங்கனயே வச்சுக்கிடட்டுமா?”

அத்தனை பேர் நடுவில் என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறாள். என்னிடம் கேட்கிறோம் என்ற நினைப்பே அவள் கண்ணில் இல்லை. அவள் வாய் நடுங்கியது. அனுப்பு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மறுபேச்சு இருக்காது.

எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது. காளியின் வாயை வைத்து எனக்கு நானே காரியம் சாதித்துக்கொண்டால் அது நடிப்பில்லை, திருட்டு. இது முதலாவது. இரண்டாவது, அவள் முகம். வாய் நடுங்கியதை, பெல்ட்டை, தரையில் ஊன்றிய கையை எல்லாம் பார்த்தேன். வேண்டாம் என்று அம்மன் சொல்லமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு நிற்கிறாள், தானாகச் சொல்ல மனசு வராமல்தான் இங்கே வந்து கேட்கிறாள் என்று படித்துக்கொண்டேன். மற்றவர்கள் முகத்தைப் படித்ததுபோலவே.

“அனுப்பாத,” என்றேன். காளிக்கென்று பழகி வைத்திருந்த அடித்தொண்டைக் குரல். “அவன் இங்கனயே இருக்கட்டும். தகப்பனத் தூக்க ஆள் வேணும்.”

அம்மா தலையை ஆட்டினாள். திருநீறு வாங்கிக்கொண்டாள். காணிக்கையை உண்டியலில் போட்டுவிட்டு நகர்ந்தாள். அவள் முகம் தெளிந்ததா என்று பார்க்க முயன்றேன். அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள், மேளம் தொடங்கிவிட்டது. ஆடினேன். நெஞ்சுக்குள் நகர்வது அன்றைக்கு நகரவில்லை. கிரீடத்தின் கனம் மட்டும்தான் தெரிந்தது. மிச்ச நாளும் அப்படியேதான் போனது.

குலசைக் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் காப்பை அறுத்துக் கடலில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் சாயம் சரியாகப் போகவில்லை. அம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். மறுபடியும் என்னை “ஏலே” என்று கூப்பிட்டாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதல,” என்றாள். “நான் உன்ன அனுப்பணும்னுதான் இருந்தேன். உடன்குடி மாமாகிட்ட பேசிட்டேன். குடும்பத்தோட இங்கன வந்து இருக்கேன், கடையவும் அத்தானையும் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாவ. அம்மன் உத்தரவு மட்டும் வாங்கிக்கிடுவோம்னு கேட்டேன். அவ வேண்டாம்னுட்டா. நான் என்ன செய்ய?”

சோற்றில் கை அப்படியே இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அந்த மாமா ஊரை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கச் சம்மதித்திருக்கிறார் என்றால் அதற்கு அம்மா எத்தனை நாள் கெஞ்சியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வாய் நடுங்கியது, அனுப்பு என்று அம்மன் சொல்லவேண்டுமே என்ற தவிப்பில் என்று அப்போதுதான் விளங்கியது.

“அம்மா, அது நான் சொன்னதும்மா,” என்றேன். “அம்மன் சொல்லல. நான்தான் சொன்னேன்.”

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது.

“அப்படிச் சொல்லப்பிடாது.”

கையை விலக்கிவிட்டு மறுபடியும் சொன்னேன். வேடம்தான் போட்டிருந்தேன், சாமி ஒன்றும் வரவில்லை, யோசித்துத்தான் சொன்னேன் என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. மனசு உடைந்து ஏதோ பேசுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என் தலையைத் தடவிவிட்டாள்.

“நீ சொன்னதா இருந்தா அனுப்புன்னுல்லால சொல்லியிருப்ப,” என்றாள். “உன் ஆசை எனக்குத் தெரியாதா? உனக்கு ஆவாதத உன் வாயே சொல்லுச்சு பாரு, அதவச்சுத்தான் அது அம்மன்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்சுச்சு.”

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரமாகியிருந்தது. அவள் தலைப் பக்கம் பிடித்தாள். நான் கால் பக்கம் பிடித்தேன்.