கிருமியைக் கொல்லாத குளிசை

மூன்றாவது முறையும் அதே முடிவு வந்த செவ்வாய்க்கிழமை, டொக்டர் என்னை ஆய்வுகூடத்திலிருந்து தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் அரைகுறை. பாலியல் நோய்களுக்கான எங்கள் சிறிய கிளினிக்கில் இரத்தம் எடுப்பதும் கண்ணாடித் தட்டில் கிருமி தேடுவதும் என் வேலை. மொழிபெயர்ப்பு, நியமனக் கடிதத்தில் இல்லாத வேலை.

கதிரையில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். விடத்தல்தீவுப் பக்கம் நண்டு உடைக்கும் நிலையமொன்றில் வேலை செய்தாள். குடும்பம் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிச் சில வருடங்கள். யாரும் கேட்டால் காணி அலுவலாக அரச கச்சேரிக்குப் போவதாகச் சொல்லலாம் என்று பைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வருவாள். அவளுக்குக் கொனோறியா. இரண்டு முறை ஊசி போட்டுச் சுகமாகி, இரண்டு முறையும் திரும்பியிருந்தது. இப்படியே போனால் கருக்குழாய் அடைபடலாம், இன்னொரு பிள்ளை கிடைப்பது கடினம் என்று சொல்லும்படி டொக்டர் சொன்னார். சொன்னேன். அவள் பைலை மடியில் இறக்கி வைத்தாள்.

"மகளுக்கு அடுத்த வருசம் ஒரு தம்பி வேணும் எண்டு யோசிச்சிருந்தனாங்கள்" என்றாள் பிறகு.

நான் எதையும் பட்டியலாகத்தான் யோசிப்பேன். ஒன்று, கிருமி மருந்துக்குப் பணியவில்லை. இரண்டு, நான் தவறாகப் பார்த்திருக்கிறேன். மூன்று, திரும்பத் தொற்றுகிறது. கொழும்புக்கு அனுப்பிய மாதிரியில் அந்த மருந்துக்குக் கிருமி செத்திருந்தது. ஆகவே முதலாவது இல்லை. தட்டை நான்கு தடவை பார்த்திருந்தேன், இரண்டாவதும் இல்லை.

"அவரோட இருக்கேக்க பாதுகாப்பு ஏதும்?"

"ஓம் மிஸ். ஒருநாளும் விட்டதில்லை."

"கொண்டமோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் சங்கு குளிக்கிறவர். வருடத்தில் பாதி வேறு கரையில் ஓலைக் கொட்டில் போட்டு, அந்த வாடியில் தங்குவார். "கொண்டத்தை நீட்டினா, 'வாடியில நான் என்ன செய்யிறன் எண்டு நினைக்கிறாய்' எண்டு கேப்பார். பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துத் தந்தாள். உறவுக்கு முன் உள்ளே வைப்பது. நுரைத்து, விந்தணுவைக் கொல்லும். முகாமில் இருந்தபோது கருத்தடைக்காகப் பழகியது. அங்கேயே தங்கிவிட்ட மச்சாள் இன்னும் பார்சலில் சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறாளாம்.

"இது நோய்க்கும் காவல் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானே யோசிச்சது. பிள்ளையா வாறதையே கொல்லுற மருந்து, இந்தக் கிருமி எம்மாத்திரம்?"

நான் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். சோதனைக் குழாய்க்குள் அந்த மருந்து கிருமிகளைக் கொல்லவும் செய்தது. பெண்களிடம் பரிசோதித்தபோது காக்கவில்லை. அடிக்கடி வைத்தால் உட்தோல் புண்ணாகி, எச்.ஐ.வி. நுழைவதுகூட எளிதாகலாம். இவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் அவள் கைகளை விரித்துக் காட்டினாள். விரல் இடுக்குகள் வெடித்திருந்தன.

"குளோரின் தண்ணியில கை கழுவிப்போட்டுத்தான் நண்டு உடைக்கிறது. கிருமி சாகட்டும் எண்டுதான் அந்தத் தண்ணி. நாலு நாளில கை வெடிச்சிடும். பிறகு நண்டுத் தண்ணி பட்டா உயிர் போகும். உள்ளுக்கையும் இதே கதையோ?"

"இதே கதைதான்."

டொக்டர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அவளுக்கு மூன்றாம் முறையும் ஊசி போட்டோம். அடுத்தது கணவர். அவரும் மருந்து எடுக்க வேண்டும். அதுவரையும் அதற்குப் பிறகு ஒரு கிழமையும் இருவரும் சேரக் கூடாது. அவருக்கென்று ஒரு சீட்டுக் கொடுத்தோம். அதில் நோயின் பெயர் இருக்காது, ஓர் இலக்கமும் வரவேண்டிய நாளும் மட்டும்.

"அதுவரைக்கும் அவரை எப்பிடித் தள்ளி வைக்கிறது?" என்றவள், சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தாள். "நாளைக்கு விபூதிப் புதன். பாஸ்காத் திருநாள் வரைக்கும் நாப்பது நாள் தவக்காலம், கிறிஸ்தவ ஆக்கள் ஏதாவது ஒண்டை விட்டு ஒறுத்தல் செய்யத்தானே வேணும். போன வருசம் அவர் சாராயத்தை விட்டவர். இந்த வருசம் நான் சொல்லுறதை விடட்டும்."

மூன்று செவ்வாய்க்கிழமைகள் அந்தச் சீட்டு வரவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் அன்று வந்தவர்களின் இலக்கங்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தேன். நான்காவது செவ்வாய், அகன்ற தோள்களோடு ஒருவர் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்.

"மனுசி அனுப்பினவ" என்று சீட்டை நீட்டினார்.

"என்ன சொல்லி அனுப்பினவ?"

"தனக்கு வருத்தமாம். எனக்கும் இருக்குமாம். எங்க பிடிச்சது எண்டு கேக்கமாட்டாவாம்." தொண்டையைச் செருமினார். "ஆனா இந்தச் சீட்டோட போய் ஊசி போடாட்டி, பாஸ்கா முடிஞ்சாலும் எனக்குத் தவக்காலம் முடியாதாம். பகிடி எண்டுதான் நினைச்சன். நாலு கிழமையாப் பாத்திட்டன் மிஸ், அவ பகிடி விடேல்லை."

ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாஸ்காவுக்குப் பிறகு இருவரும் ஒன்றாக வந்து மாதிரி கொடுத்தார்கள். முடிவைத் தாதியிடம் கொடுத்தனுப்புவதே வழமை. அந்த முறை நானே வெளியே போனேன்.

"ரெண்டு பேருக்குமோ?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் சுகம்."

அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு, வாங்கில் காத்திருந்த மற்றவர்களுக்கும் கேட்கும் குரலில், "பிள்ளைக்கு யோசிக்குமட்டும் எங்களுக்குக் கொண்டம் தாங்கோ மிஸ்" என்றாள். "வீட்டுக்கு ஒரு பெட்டி. வாடிக்குப் போற பைக்கு ரெண்டு."

"ரெண்டோ?" என்றார் கணவர், மின்விசிறியைப் பார்த்தபடி.

"பை கட்டுறது நான்."

மூன்று பெட்டிகளையும் அவரே வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் பதிவேட்டில் இரண்டு இலக்கங்களுக்கும் எதிரே 'சுகம்' என்று எழுதினேன். ஒரு சொல்லுக்கு மேல் எழுத அங்கே இடமில்லை. அதன் கீழே ஒரு கோடு போட்டேன்.