தட்டைத் திருப்பி வைத்தவள்

லூசி எதையும் நேராகச் சொல்லிவிட மாட்டாள். மழை கொட்டும்போதுகூட, "மழை பெய்யுதோ என்னமோ?" என்று நம்மைத்தான் கேட்பாள். மலேசியாவில் காஹாங் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தோட்டத்துக் கணக்கரான கிராணியின் முன்னால் அவள் அப்பா 'இது இப்படித்தான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இப்படி இருக்குங்களாய்யா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார். தப்பாகிப் போனாலும் கேட்டவன்மேல் பழி வராது. அந்தப் பழக்கம் மகளிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஐம்பது வயதில் அவளுக்கு ஜொகூர் பாருவில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் வேலை. கவனித்ததை எல்லாம் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அதற்காகச் சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஷர்மைன் நடத்தும் வகுப்புக்குப் போனாள். அன்றைய பாடம் செய்தி வாக்கியம்.

"யாரு, என்ன செஞ்சாங்க, முற்றுப்புள்ளி. அவ்வளவுதான்கா," என்ற ஷர்மைன், லூசியின் நோட்டைப் புரட்டிச் சிரித்துவிட்டாள். "பத்து வரியில பத்து கேள்விக்குறி லா. உங்க கண்ணால பார்த்தத யாருகிட்ட கேக்குறீங்க?"

லூசிக்குச் சுருக்கென்றது. காரணம், வீரமுத்து.

இல்லத்தில் இருக்கும் பழைய லாரி ஓட்டுநர் அவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மற்ற ஷிப்டுகளில் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வர, எடை குறைந்துகொண்டே போனது. வியாழக்கிழமை டாக்டர் கமலநாதன் வந்து மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக முடிவாகியிருந்தது. ஆனால் லூசியின் ஷிப்டில் மனிதர் தட்டைக் காலிசெய்துவிடுவார். வலப்பக்கம் இருப்பது அவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். இடப்பாதி தீர்ந்ததும், மீதி அவர் இடப்பக்கம் வரும்படி லூசி தட்டைத் திருப்பி வைப்பாள். புதுச் சாப்பாடு வந்ததுபோல் மறுபடி ஆரம்பிப்பார்.

இதை அவள் எழுதாமலும் இல்லை. 'தட்டைத் திருப்பினால் சாப்பிடுவாரா?' என்று எழுதியிருந்தாள். நர்ஸ் ஸ்டெஃபனி, தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, பக்கத்திலேயே 'தெரியாது' என்று பதில் எழுதி வைத்திருந்தாள்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் லூசி குறிப்பேட்டின் முன் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. அந்தக் குழாயோடு அவரை நினைத்துப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள். அவருக்கு வலப்பக்கம் தெரிவதில்லை. நான் தட்டைத் திருப்புகிறேன். அவர் முழுவதும் சாப்பிடுகிறார். மூன்றே வாக்கியம், ஆங்கிலத்தில். ஒவ்வொரு புள்ளியையும் காகிதம் துளைபடும் அளவுக்கு அழுத்தி வைத்தாள்.

மறுநாள் டாக்டர் அதைப் படித்தார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீரமுத்துவின் அருகில் போய் நின்றார். இடியாப்பத்தில் பாதி தீர்ந்ததும் வீரமுத்து கரண்டியை வைத்துவிட்டார். டாக்டர் தானே தட்டைத் திருப்பினார். வீரமுத்து குனிந்து பார்த்தார், கரண்டியை மறுபடி எடுத்தார்.

"குழாய் வேணாம்," என்றார் டாக்டர். "இத எழுதினது யாரு?"

'தப்புங்களா டாக்டர்?' என்பது லூசியின் தொண்டைவரை வந்துவிட்டது. வாய் நிறைய இடியாப்பத்தோடு மென்றுகொண்டிருந்த கிழவரைப் பார்த்தாள். மனசு நிறைந்துவிட்டது.

"நான்தான் எழுதினேன்," என்றாள்.

சொல்லிவிட்டு, கிழவரின் தாடையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவைத் துடைத்துவிட்டாள்.