தாழ்ப்பாளுக்கு உள்ளே இருவர்

போளூர்ப் பேருந்து நிலையத்தில் நேற்று கருகிய சர்க்கரை வாசனை மூக்கில் ஏறியது. பஞ்சுமிட்டாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கு முதுகு வேர்த்தது. ஏனென்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

ஏழெட்டு வருடம் முன்பு ஆரணியில் ஒரு சாயப் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் என்ற பேச்சே இல்லை. அண்டாவில் பட்டு நூல் வேகும். கூடவே நானும் வெந்துகொண்டிருப்பேன். மாம்பழ நிறத்தில் சாயம் போட்ட நாளில் என் தயிர்சாதமும் மாம்பழ நிறம்தான்.

அப்போதுதான் வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றியது. நான் அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். வெறுமனே அனுப்பினால் மரியாதையாக இருக்காதென்று, 'நம்ம பக்கமும் வந்துட்டாங்களாம்' என்று சொந்தச் சரக்காக ஒரு வரி வேறு.

மறுநாள் மதியம் பஞ்சுமிட்டாய்க்காரன் பட்டறைக்குள் ஓடிவந்து விழுந்தான். பீகார் பக்கத்து ஆள். நாலு வருடமாக எங்கள் தெருவில் மணியடித்து விற்பவன். யாரோ ஒரு குழந்தைக்குக் காசில்லாமல் மிட்டாய் நீட்டினானாம், அதுதான் குற்றம். சட்டை கிழிந்திருந்தது. பின்னால் கூட்டம். நான் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டேன். போட்ட பிறகுதான் புத்தி வந்தது: அவனோடு என்னையும் சேர்த்து அடைத்துக்கொண்டேன்.

"உள்ள கீறான்டா! தொறடா கதவ!"

நூல் முக்கும் மூங்கில் கழியை எடுத்தேன், அவனை அடிக்கத்தான். அவனோ கூட்டத்தை அடிக்க எடுத்ததாக நினைத்து, என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டி, சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, அண்ணா." எதிரே கதவு அதிர்ந்தது. பின்னால் அவன் நடுங்கினான். நடுவில் நான் ஆடிய ஆட்டத்தில் கழி அண்டாவில் மோதித் தாளம் போட்டது. என்னைப் போய் நம்பினான் பாருங்கள்!

"நவுருங்க. ண்ணா, செல்வி வந்துகீறேன், தொற."

பக்கத்து வீட்டில் தறி நெய்பவள். கதவை ஒரு முழம் திறந்தேன். இடுப்பில் ஒன்றரை வயது மகளோடு நுழைந்தாள்.

"கழிய கீழ போடுண்ணா. யார அடிக்கப்போற?"

குழந்தையை அவன் கையில் கொடுத்து, அவனை வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"புள்ள புடிக்கிறவனா? தோ, என் புள்ள அவங்கிட்டதான் கீது. அடிக்கிறவங்க அடிங்க."

"பைத்தியமாம்மா உனக்கு?" என்றார் ஒருவர்.

"எங்க வூட்டுக்காரரு சூரத்துல தறி ஓட்டிகினு கீறாரு. அங்க அவருதான் வெளியூரு. நான் இங்க கதவத் தொறந்தா, அங்க அவருக்கு எவளாவது தொறப்பா."

வழி விட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். குழந்தை அவன் மீசையை இழுத்துக்கொண்டே போனது.

"பயமா இல்லியா செல்வி?"

"கொல நடுங்குது. பேசாம வாண்ணா."

பேருந்தில் ஏறும்முன் அவன் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இந்த அண்ணாதான் காப்பாத்துச்சு" என்று செல்வியிடம் சொன்னான். செய்தி அனுப்பியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஜன்னலோரம் உக்காரு, காத்து வரும்" என்றேன்.

அப்புறம் அவன் வரவில்லை. தெருவில் மணிச்சத்தமும் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் ரீசார்ஜ் கடை. செல்வியும் சூரத்துக்கே போய்விட்டாள். போன வாரம் போனில், "அந்தாளு பேரு இன்னாண்ணா?" என்று கேட்டாள்.

நாலு வருடமும் தெருவே அவனைப் 'பையா' என்றுதான் கூப்பிட்டது. எனக்கும் தெரியவில்லை.