கமலாக்ஷியும் சக்கரைக்கொல்லியும்

கமலாக்ஷி பிறந்தது 1963ஆம் ஆண்டு, பாலக்காட்டுக் கல்பாத்தியில். அனந்தநாராயணனை மணந்து மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கணவர் கொச்சங்காடியில் ஒரு சுக்கு மண்டியில் கணக்கு எழுதினார். பிள்ளைகள் இல்லை. குடியிருந்த வீடு சேர்லாயில், ஒரு பழைய பண்டகசாலையின் பின்சுவரை ஒட்டியது. நாற்பத்தாறாம் வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அவளுடைய தாய்க்கும், தாய்மாமனுக்கும், அக்காள் தைலாம்பாளுக்கும் அதே நோய் இருந்தது. மூவருக்கும் கடைசியில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. ஊசி தொடங்கி ஒரு வருஷம் நிறைவதற்குள் மூவரும் இறந்தார்கள்.

இவற்றுக்கு என்ன பொருள் என்பதைக் கமலாக்ஷி தானாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். ஊசி ஏறினால் ஒரு வருஷம், அவ்வளவுதான். தாய்க்குக் கால் அழுகிய பிறகும், அக்காளுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகும்தான் ஊசியே வந்தது என்று கணவர் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள், நம்பியதில்லை.

அவள் செய்துவந்த தொழிலோ நோய்க்கு நேர் எதிரானது. நேந்திரங்காயை வறுத்து, வெல்லப்பாகில் புரட்டி, சுக்குப் பொடி தூவி எடுக்கும் சக்கரைவரட்டி அவள் கைக்கு நன்றாக வரும். சுள்ளிக்கல்லிலும் தோப்பும்படியிலும் நான்கைந்து கடைகளுக்கு அவள் வீட்டுச் சரக்குத்தான் போயிற்று. காலையில் உருளி அடுப்பில் ஏறினால் பாகு பதத்துக்கு வரும்வரை அவள் விரல் பாகுக்கும் வாய்க்குமாகப் போய்வரும். பதம் பார்க்கிறேன் என்பாள். ஓர் உருளிப் பாகுக்குப் பதம் பார்க்க எத்தனை விரல் வேண்டும் என்று அனந்தநாராயணன் கேட்டால் கரண்டியை ஓங்குவாள்.

ஐம்பத்தைந்தாம் வயதில், தோப்பும்படியில் அவளைப் பார்த்துவந்த டாக்டர் விஷ்ணுப்ரியா ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்தார்.

“கமலாக்ஷியம்மா, மூணு மாசம் பார்க்கலாம். கொறையலைன்னா இன்சுலின்தான். சண்டை பிடிக்கக் கூடாது, கேட்டோ.”

அன்றிலிருந்து அவள் எதையெல்லாமோ தின்றாள். வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் விழுங்கினாள். பாகற்காய்ச் சாறு, நெல்லிக்காயும் மஞ்சளும் சேர்த்த சாறு, அரைத்த கறிவேப்பிலை என்று ஒன்று மாற்றி ஒன்று. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவின. விரல் நிற்காததால் உதவியதெல்லாம் பாகிலேயே கரைந்தது.

கற்பகம்தான் அந்த இலையைக் கொண்டுவந்தாள். உசிலம்பட்டியிலிருந்து வந்து சுள்ளிக்கல்லில் வாடகைக்கு இருந்த அவள், மட்டாஞ்சேரிச் சந்தையில் கீரை விற்பவள். மிஞ்சிய கீரைக்கட்டைக் கமலாக்ஷியின் அடுக்களைப் பின்வாசலில் கொடுத்துவிட்டு ஒரு சாயா குடித்துப் போவது வழக்கம்.

“இத மெல்லுங்கக்கா. நல்லா மென்னு சாற எறக்குங்க.”

“கசக்கறதேடி!”

“கசக்காம? அல்வாவா குடுத்தேன்? இப்ப அந்த வெல்லத்துல ஒரு துண்ட வாயில போடுங்க.”

கமலாக்ஷி போட்டாள். வாயில் கிடந்தது செங்கல் சில்லு போல இருந்தது. கடித்தாள், நறநறவென்று உடைந்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ஆற்று மணல். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் மணல்.

“தித்திப்பு எவிடெடி போச்சு?”

கற்பகம் சிரித்தாள். “ஒரு மணி நேரத்துல திரும்பி வந்துரும். எங்கூர்ல சிறுகுறிஞ்சான்னு சொல்லுவோம், இங்கத்த சேட்டன்மாரு சக்கரக்கொல்லிங்கறாங்க. எங்க மாமனுக்கு ஷுகரே எறங்கிருச்சு. ஆனா நீங்க மாத்திர திங்கறவுக. டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.”

“கேக்கறேன்” என்றாள் கமலாக்ஷி. கேட்கவில்லை.

உருளி ஏறுமுன் நான்கு இலை மெல்லுவாள். அதன்பின் முழு உருளிப் பாகும் அவளுக்குச் சேறுதான். விரல் தானாகவே அடங்கியது. பதத்தைக் கண்ணால் பார்த்து இறக்கினாள். சேற்றில் தித்திப்பு போதுமா போதாதா என்று தெரியாமல் வெல்லத்தை அள்ளி அள்ளிப் போட்டாள்.

“தோப்பும்படிக் கடைக்காரன் சொல்றான், நம்மாத்து வரட்டியைக் கடிச்சா பல்லு கூசறதாம். வெல்லத்துக்கே வெல்லம் போடறியாடி?” என்றார் அனந்தநாராயணன். இலையைப் பற்றி அவரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போகும். டாக்டர் நிறுத்தச் சொன்னால் அப்புறம் ஊசிதான்.

ஆறாவது வாரம் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. கமலாக்ஷி பரிசோதனைக்கூட வாசலிலேயே நின்று கண்ணை மூடிக் குருவாயூரப்பனைக் கும்பிட்டாள்.

வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றத் தொடங்கியதும் அந்த வாரத்தில்தான்.

முதலில் வியர்வை வரும். அடுப்பின் சூட்டு வியர்வை அல்ல. கழுத்தின் பின்புறம் குளிர்ந்து வழிவது. பிறகு ஒலிகள் தள்ளிப் போகும். கையிலிருக்கும் கரண்டி உருளியில் படுவது அடுத்த தெருவில் யாரோ தட்டுவதுபோல் கேட்கும். கரண்டிக்குக் கரண்டி என்று பெயர் என்பதே சில விநாடி நினைவுக்கு வராது. அப்போது முதுகுக்குப் பின்னால், அரிசிப் பானை இருக்கும் மூலையில், ஒருவர் நிற்பார். திரும்பினால் பானை மட்டும் இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி நிற்பார். காரணமே இல்லாத ஒரு பயம் வயிற்றிலிருந்து ஏறி நெஞ்சைப் பிடிக்கும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், வறுக்கும் வேலை முடியட்டும் என்று அவள் பசியை ஒத்திப்போடும் நேரத்தில், இது நடந்தது. இரண்டு கவளம் உள்ளே போனதும் மூலை வெறும் மூலையாகிவிடும்.

ஒரு நாள் அந்த மூலையிலிருந்து நெட்டி முறிக்கும் ஓசை கேட்டது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, நடுவே சிறிது நிறுத்தி, பெருவிரலில் முடிந்தது.  அப்படி முறிப்பவள் கமலாக்ஷிக்குத் தெரிந்து ஒருத்திதான்.

“ஏன்னா, அக்கா வராள்” என்று அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

“எந்த அக்கா?”

“தைலா.”

“அவ போய்ப் பதினோரு வருஷமாச்சேடி.”

“அதானே சொல்றேன்.”

 “வரட்டும். வந்தவ சும்மா நிக்காம ரெண்டு கிலோ காய் நறுக்கித் தரச் சொல்லு” என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். அவள் சிரித்தாள், அன்றிரவு அடுக்களை விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

கார்த்திகையில், மலையாளத்து விருச்சிக மாதத்தில், குருவாயூர் ஏகாதசி வந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த நாளில் அவளுக்கு நீர்கூடக் கிடையாது. மாத்திரைக்கு ஒரு மிடறு மட்டும். சர்க்கரை நோய்க்காரி பட்டினி கிடக்கலாமா என்று அவள் யோசித்தது உண்மை. யோசித்த விதம் இது: விரதம் ஆகாரத்துக்கு. மாத்திரை ஆகாரம் இல்லை, இலையும் ஆகாரம் இல்லை. ஆகையால் இரண்டையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டாள். வாய் வறண்டபோது பசி தெரியாமலிருக்க இன்னும் ஒரு பிடி இலையை மென்றாள்.

மண்டியிலிருந்து நண்பகலில் திரும்பிய அனந்தநாராயணன், அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் அவள் சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டார். கண் திறந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. புடவை குளித்து எழுந்ததுபோல் நனைந்திருந்தது. சர்க்கரை தாழ்ந்தால் இப்படி ஆகும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் என்றோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது. டப்பாவைத் திறந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சேவியரைக் கத்திக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார். கீரைக்கட்டோடு பின்வாசலில் வந்து நின்ற கற்பகம் ஓடிவந்து அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

கமலாக்ஷிக்குத் தெரிந்தது வேறு.

தன்னைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஈரப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தது, குளிப்பாட்டியாயிற்று போலும். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. தலைமாட்டில் ஒரு பெண் அழுதாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் ஆண் உள்ளே வந்தான். அவள் கணவர் குனிந்தார். அவர் முகம் வெகு தொலைவில், கிணற்றின் மேல்விளிம்பில் தெரிவதுபோல் தெரிந்தது. அவர் விரல்கள் அவள் உதட்டைப் பிரித்து எதையோ உள்ளே போட்டன. சிறிய, உலர்ந்த, கடினமான மணிகள். எந்தச் சுவையும் இல்லை.

வாய்க்கரிசி என்று அவள் புரிந்துகொண்டாள்.

ஏகாதசியன்று அரிசி போடுகிறார்களே என்ற எண்ணம் முதலில் வந்தது. பிறகு பயம் வந்தது. இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது, இந்த மணிகளை விழுங்கிவிட்டால் அதுவும் சம்மதம் சொன்னதாகிவிடும் என்று அவளுக்குத் திண்ணமாகத் தெரிந்தது. காலடியில் நெட்டி முறிந்தது. தைலாம்பாள் நின்றாள். அவளும் ஈரப்புடவையில்தான் இருந்தாள்.

“முழுங்காதேடி. நான் முழுங்கினேன். அதான் இங்க நிக்கறேன்.”

கமலாக்ஷி துப்பினாள்.

“எடீ கமலம், சக்கரையாக்கும்டி, சக்கரை!” என்று கத்தினார் அனந்தநாராயணன். மறுபடி போட்டார். அவள் மறுபடி துப்பினாள். மூன்றாம் முறை பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். கையை உதறியதில் டப்பா கவிழ்ந்தது.

“ஆம்புலன்ஸ் பாலத்தில ப்ளாக்கில கிடக்குந்நு, ஸ்வாமீ. நான் வண்டி எடுக்காம்” என்று சேவியர் வெளியே ஓடினார்.

கற்பகம் கமலாக்ஷியின் கடைவாயை முந்தானையால் துடைத்தாள். முந்தானை பச்சையாயிற்று.

“அய்யோ சாமி, நிறுத்துங்க! இலைய மென்னுருக்காங்க. இப்ப இவுங்களுக்குச் சீனியும் மண்ணும் ஒண்ணு.”

“எந்த இலை?”

“அத அப்புறம் சொல்றேன், என்னைய அடிச்சாலும் வாங்கிக்கிறேன். எலுமிச்சம்பழம் இருக்கா? பிழிஞ்சு உப்புப் போடுங்க.”

“உப்பா? சக்கரையில்லையோ வேணும்!”

“அதையும் அள்ளிப் போடுங்க. சீனி தெரியாது, உப்பும் புளிப்பும் தெரியும்ல? வாய்க்குத் தெரிஞ்சாத்தான குடிப்பாங்க!”

கிணற்று விளிம்பில் முகம் மறைந்து மீண்டும் வந்தது. உதட்டில் டம்ளர் இடித்தது. கமலாக்ஷியின் இறுகிய பல்லிடுக்கில் ஒரு துளி கசிந்து நாக்கின் ஓரத்தைத் தொட்டது. புளித்தது. தாடை தானாகக் கூசி நெகிழ்ந்தது. அடுத்த துளி கரித்தது.

உப்பு. இறந்தவருக்குப் படைப்பதில் அவர்கள் வீட்டில் உப்புச் சேர்ப்பதில்லை. தாய்க்கும் அக்காளுக்கும் அவள் கையாலேயே அப்படி உப்பில்லாமல் சமைத்திருக்கிறாள். செத்தவளுக்கு எதற்காக உப்புப் போட்டுக் கொடுக்கிறார்கள்?

காலடியில் நின்றவள், “வேண்டாம்டி” என்றாள்.

கமலாக்ஷி விழுங்கினாள். இன்னொரு மிடறு வந்தது, அதையும் விழுங்கினாள். டம்ளர் காலியாகும்போது தைலாம்பாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். சேவியரின் ஆட்டோவில் ஏற்றும்போது கமலாக்ஷி முதன்முதலாகப் பேசினாள்: “அடுப்பை அணைச்சேளா?”

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் டாக்டர் விஷ்ணுப்ரியா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கமலாக்ஷி போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டாள்.

“இலை வேலை செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன். வேலை செஞ்சிருக்கு, அதுதான் வினை. மாத்திரையும் ஷுகரை இறக்கும். இலையும் இறக்கும். அதுக்கு மேல பட்டினி. மூணு பேர் சேர்ந்து ஒரு ஆளைப் பிடிச்சுத் தள்ளினா என்ன ஆகும்? வெந்தயம் தின்னுங்கோ, பாகற்காய் தின்னுங்கோ. என்ன தின்னாலும் என்கிட்டச் சொல்லிட்டுத் தின்னுங்கோ.”

அக்காள் வந்ததைப் பற்றியும் கமலாக்ஷி கேட்டாள். தாழ்ந்த சர்க்கரைதான் வியர்வை, படபடப்பு, காரணமில்லாத பயம், யாரோ நிற்பதுபோன்ற தோற்றம் எல்லாவற்றையும் தரும் என்றார் டாக்டர். அவள் ஒத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரை நிறுத்தப்பட்டது. இலையும் நின்றது. மூன்று மாதம் என்ற தவணை முடியும் முன்பே, சிறிய அளவில், இரவு ஒரு வேளை ஊசி தொடங்கியது. முதல் ஊசியை அனந்தநாராயணன் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “பன்னெண்டு மாசம்” என்றாள். “போடீ” என்றார் அவர்.

கற்பகம் ஒரு மாதம் பின்வாசல் பக்கமே வரவில்லை. கமலாக்ஷியே சந்தைக்குப் போய் அவளைக் கூட்டிவந்து சாயா கொடுத்தாள்.

விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதன்பின் அந்த வீட்டில் ஒரு பேச்சு வழக்காயிற்று. எப்போதாவது சாப்பாடு தாமதமாகி வியர்வை துளிர்த்தால், “ஏன்னா, அக்கா வந்திருக்கா” என்பாள் அவள். கருவி அறுபத்தைந்து என்று காட்டும். சில நாள் அறுபது. அனந்தநாராயணன் எலுமிச்சை பிழியப் போவார். உப்புத் தேவையில்லை என்று தெரிந்தும் ஒரு சிட்டிகை போடுவார். அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் தம்பதிக்குப் பாலும் பழமும் ஊட்டவந்தார்கள். கமலாக்ஷி முகத்தைத் திருப்பி, உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிறர் கை தன் வாயருகே வர அவள் விடுவதில்லை.

சென்ற கர்க்கடகத்தில், ஆடி மாதத்து விடாத மழையில், அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். சாப்பிட்டாகிவிட்டது. வியர்க்கவில்லை. அரிசிப் பானை மூலையில் சுண்டுவிரல் முறிந்தது. கமலாக்ஷி கருவியை எடுத்துக் குத்திப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு. குறையே இல்லை. இன்னொரு விரலில் குத்தினாள். அதேதான். மூலையில் ஓசை ஒவ்வொரு விரலாக நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கருவியைத் துடைத்து உறையில் போட்டாள்.

“அக்கா, நான் முழுங்கிட்டேன்” என்று உரக்கச் சொன்னாள்.

பெருவிரல் முறியும் ஓசைக்காகக் காத்திருந்தாள். மழைதான் கேட்டது.

ஊசி தொடங்கி இப்போது ஏழு ஆண்டுகள்.