முறுக்குக் கம்பிக்காக மன்னூபியா போட்ட பந்தயம்

மன்னூபியாவின் பற்களில் ஒன்றுகூட நேராக இல்லை. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில் ஊரார் பல்வரிசையைப் பிளாஸ்டர் அச்சாக வார்ப்பதும், காலிப்பர் வைத்து அளந்து எழுதுவதும் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. ஒலிவ எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. வார்த்த அச்சு எதையும் அவர் தூக்கிப் போட்டதில்லை.

அந்த மார்ச்சில், பல்லை நேராக்கும் கிளிப்பில் மாட்டுகிற புதுக் கம்பி தீர்ந்துபோனது. எப்படி வளைத்தாலும் தன் வடிவத்துக்கே திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கம்பி அது. ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். போன தடவை ஒன்றரை வருடமானது. அலமாரியில் மிச்சமிருந்தது எஃகு இழைகளை முறுக்கிய பழைய கம்பிதான். கிளிப் போடக் காத்திருந்த நாற்பது பிள்ளைகளையும் திருப்பி அனுப்பச் சொன்னார் டாக்டர் ஷாத்லி.

“முறுக்குக் கம்பில ஆரம்பிச்சா பல்லு மெதுவாத்தான் நகரும். வலி வேற. அரைகுறை வேலை எனக்கு ஆகாது.”

“மெதுவாவா? அளந்தது நான், டாக்டர்.”

“கிளிப் போட்டு ரெண்டு மாசம் ஆன அச்சக் கைல குடுங்க மன்னூபியாக்கா, எந்தக் கம்பின்னு பாத்த உடனே சொல்றேன்.”

“சொல்லிட்டா நாப்பது பேரையும் நானே திருப்பி அனுப்பிடறேன். சொல்லலைன்னா?”

“முறுக்குக் கம்பியிலயே கிளிப் போட்டுடறேன். போதுமா?”

நர்ஸ் ரவுதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மன்னூபியா தான் சேர்த்து வைத்தவற்றிலிருந்து இருபது பிள்ளைகளின் அச்சுகளைத் தேர்ந்தெடுத்தார். பத்துப் பேர் புதுக் கம்பி போட்டவர்கள், பத்துப் பேர் முன்பு முறுக்குக் கம்பி போட்டவர்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் பல் நெரிசல் ஏறக்குறைய ஒரே அளவு. பெயர்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

மறுநாள் காலை டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி ஆறியது. பத்தை வலப்பக்கம் தள்ளினார். “இதெல்லாம் புதுக் கம்பி. பளிச்சுன்னு தெரியுதே!”

ரவுதா பிளாஸ்திரியை உரித்தாள். முதலாவது சரி. இரண்டாவதும் சரி. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது முறுக்குக் கம்பி. நான்காவதும் அதுவே. கடைசியில் ஐந்து சரி, ஐந்து தப்பு.

“கண்ணக் கட்டிக்கிட்டு எடுத்திருந்தாலும் அஞ்சு வந்திருக்கும், டாக்டர்,” என்றாள் ரவுதா.

“தேடித் தேடிப் பொறுக்கி வெச்சிருப்பீங்க, அக்கா.”

இதற்காகவே காத்திருந்தவர்போல மன்னூபியா நோட்டை விரித்தார். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் இரண்டு மாதத்தில் பல் நகர்ந்த அளவு. இரண்டு கம்பிக்கும் இடையே இருந்த வித்தியாசம் நகக்கனம்கூட இல்லை.

“வலி?”

“மறுநாள் அழுதுக்கிட்டு வர்ற போனெல்லாம் எடுக்கறது ரவுதாதான். கேளுங்க.”

“ரெண்டு கம்பிக்கும் ஒரே அழுகைதான், டாக்டர்!”

டாக்டர் நோட்டின் பக்கங்களை மறுபடி புரட்டினார். பிறகு மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். “தோத்துட்டேன். எல்லாரையும் கூப்பிடுங்க.”

மன்னூபியா ரவுதாவைப் போனைத் தொடவிடவில்லை. நாற்பது வீட்டுக்கும் தானே போன் போட்டார். நடைபாதை முழுக்க அவர் குரல்தான்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு கண்ணு. வயிறு முட்டச் சாப்பிட்டு வா, அப்புறம் ரெண்டு நாளைக்குச் சூப்புதான். கிளிப்போட சூரியகாந்தி விதை கொறிக்கறதப் பாத்தேன், அப்பவே கழட்டிடுவேன், ஆமா!”