உடம்புக்கு யார் சொல்வது?

ரெண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாமியார். முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை பசிக்கு அழுதது. அவ்வளவுதான்... என் ஜாக்கெட் நனைந்துவிட்டது.

முந்தானையை இழுத்து மூடுவதற்குள் அந்தக் குழந்தையின் அம்மா பார்த்துவிட்டாள்.

"பாப்பாவ வீட்ல விட்டுட்டு வந்தீங்களாக்கா?"

"ஆமா" என்றேன்.

பொய். என் பாப்பா பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தை போனது. பால் போகவில்லை. மார்பு கல் மாதிரி கட்டி, காய்ச்சல் வேறு. அத்தைதான் மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். வளைகாப்பன்று என் தலை கொள்ளாமல் பூ வைத்ததும் அதே கைதான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்துப் போட்டுவிடுவேன். பாலும் வற்றிவிட்டால்... அப்புறம் நான் யாருக்கு அம்மா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டாக்டரம்மா பால் வற்ற மாத்திரை எழுதினார். வேண்டாம் என்றேன். அவர் திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதில் சில செல்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை அனுப்ப எப்போதும் தயாராகவே இருக்குமாம். மூளையிலிருந்து டோபமைன் இறங்கி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவற்றை அடக்கியே வைத்திருக்குமாம். குழந்தை வாய் வைத்தால் டோபமைன் குறையும். ஹார்மோன் கிளம்பும். இந்த மாத்திரை, டோபமைன் செய்கிற வேலையைச் செய்யும்.

கொடுப்பதற்கு யாரும் சொல்ல வேண்டாம். நிறுத்தத்தான் ஆள் வேண்டும் — என்ன உடம்பு இது!

"கொழந்த இல்லன்னு அதுக்குத் தெரியாதா டாக்டர்?"

"கொஞ்ச நாள்ல தானா தெரிஞ்சிக்கும்மா. ஆனா உனக்குக் காய்ச்சல் அடிக்குது. இப்ப நாமதான் சொல்லணும்."

மருந்துக் கடை வாசலிலேயே அத்தை தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"பூவ அவுத்துப் போட்டதெல்லாம் எனக்குத் தெரியும். இதையும் துப்பிடாத."

அழுதுகொண்டே சிரித்தேன். அவரும்தான். மாத்திரையை விழுங்கினேன்.

பஸ்ஸில் கேட்டவளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் உடம்பிடம் சொல்லிவிட்டேன்... பாப்பா இல்லை என்று.