கடிக்காத ஸ்டீரிங்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லாரியை, யாரும் கேட்காமலே ரிப்பேர் செய்து, மூன்று நாள் நிற்க வைத்தவன் நான். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. விவரம் தெரியாத வயசு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அடிவாரத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் விற்ற பழைய மூக்கு லாரியை, என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கழகில் மயங்கி வாங்கியிருந்தேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. அதனால் வண்டியோடு அதன் டிரைவரையும் வைத்துக்கொண்டேன். பதினைந்து வருஷமாக அந்த ஒரு வண்டியை மட்டுமே ஓட்டியவர். கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றி, கீழே ஜவ்வரிசி மில்லில் இறக்குவது தொழில். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன்.

வண்டியின் ஸ்டீரிங் பிளாஸ்டிக், வெயிலில் காய்ந்து நாலு இடத்தில் வெடித்திருந்தது. உள்ளே கம்பி தெரியும். சேலத்துப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், வெடித்த ஸ்டீரிங்கைப் புதுசாக்குவது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. அவரை முழுசாக நம்பினேன்.

அந்த முறை, மலைமேல் அரியூர் நாட்டில் ஓர் அம்மாவின் காட்டில் கிழங்கு. பிடுங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலமே மேலே போய்விட்டோம். மறுநாள் ஆட்கள் கிழங்கு பிடுங்கி வண்டியில் ஏற்ற, எனக்கு ஒரு பகல் சும்மா கிடைத்தது. ரம்பப் பிளேடால் வெடிப்புகளை அகலப்படுத்தி, பெட்ரோல் துணியால் துடைத்து, இரண்டு களிம்பைச் சேர்த்துப் பிசையும் பசையை அப்பினேன்.

"ஏனுங்கண்ணா, ஓடற வண்டிக்கு எதுக்குங்க வைத்தியம்?" என்றார் டிரைவர்.

"கையைக் கடிக்குதில்ல?"

"கடிச்சாக் கடிச்சுட்டுப் போவுதுங்க. நானென்ன உங்ககிட்டப் புகார் குடுத்தனுங்களா?"

சாயங்காலம் காய்ந்துவிடும் என்றேன். அந்தப் பத்திரிகைக்காரர் ஊரில் மேகம் ஜன்னல் வழியாக வண்டிக்குள் வந்து உட்காராது போலிருக்கிறது. இங்கே உட்கார்ந்தது. இரண்டாம் நாளும் பசை பசையாகவே இருந்தது.

பிடுங்கிய கிழங்கு ரொம்ப நாள் தாங்காது. உள்ளே கருநீலமாக நரம்போடும். மில்லில் ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு அது ஒரு வருஷத்து வெள்ளாமை. லோடு மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"மருதாணி காஞ்சுதுங்களா சாமி?"

"இன்னும் கொஞ்சம்..."

"செவக்குமுங்களா?"

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் காலையில்தான் வெயில் வந்தது. பசை கல்லானது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். மத்தியானம் தடவிப் பார்த்தால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்றிருந்தது. வெடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன். அடுத்த பத்தியில் அந்தப் பெருமையை விட்டுவிடுவேன்.

ஆறு மணிக்கு மில்லில் கேட்டைச் சாத்திவிடுவார்கள், மறுநாள் ஞாயிறு. அந்த அம்மாவும் கேபினில் ஏறிக்கொண்டார். மலையிறங்கும் எழுபது கொண்டையூசி வளைவில் முதலாவது. டிரைவர் ஸ்டீரிங்கை ஒடித்தார், ஒடித்தார், ஒடித்துக்கொண்டே இருந்தார். லாரியின் மூக்கு மெதுவாகப் போய்த் தடுப்புச் சுவரை முத்தமிட்டு நின்றது.

"என்னாச்சு தம்பி?"

"கடிக்கலீங்கக்கா," என்றார் டிரைவர், எதையோ பறிகொடுத்த குரலில்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "சுத்துக்கு ஒருக்கா வெடிப்பு கையக் கடிக்குமுங்க. மூணு கடிக்கு முழு ஒடிப்புங்க. திருப்பி மூணு கடி வாங்குனா வண்டி நேரு. வளைவுல கண்ணு ரோட்டுல இருக்கோணும், ஸ்டீரிங்க எங்க பாக்கறது? எம்பட கைதான் எண்ணிக்கும். அண்ணன் பூசி மெழுகிட்டாரு. இப்ப எத்தன சுத்து போச்சுன்னே தெரியலீங்க."

"நாலு வெடிப்புல எது கடிச்சது?" என்றேன்.

"ஒண்ணுதானுங்க. அது எங்கன்னு நீங்கதான் சொல்லோணும்."

நான் எங்கே சொல்வது? அவ்வளவு நேர்த்தியான வேலை.

அந்த அம்மா வெயில் எந்த மட்டில் இருக்கிறதென்று பார்த்தார். பிறகு டிரைவரின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு.

"இங்கதான கடிச்சிது? வண்டிய நேராக்கிப் புடி தம்பி. இது எங்க படுதோ அங்க அறுங்க."

டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். நான் ரோட்டில் நின்று முன்சக்கரத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்! ஆங், நேரு!" என்று கத்தினேன். லாரி முதலாளியாக நான் சொன்ன முதல் உருப்படியான சொல் அது. அவர் வழக்கம்போலப் பிடித்தார். காய்ப்பு பட்ட இடத்தில் பேனாவால் கோடு போட்டு, என் மூன்று நாள் வேலையை நானே ரம்பப் பிளேடால் அறுத்தேன். பத்திரிகையில் இந்தப் படம் இல்லை.

"இன்னுங் கொஞ்சம் ஆழமாங்க... ஆவ்! கடிக்குது, கடிக்குதுங்கண்ணா!" அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மீதி அறுபத்தொன்பது வளைவிலும் அவர் முகம் சுளிக்கச் சுளிக்க நானும் அந்த அம்மாவும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணிக்கொண்டே இறங்கினோம். எதிரே வந்த பஸ்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டைச் சாத்தக் கை வைத்திருந்த ஆளிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தோம். மில்காரர் நாலைந்து கிழங்கை ஒடித்துப் பார்த்து, "வெள்ளையாத்தான் இருக்குது, எறக்குங்க," என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இறக்கி முடித்த பிறகு மில் வாசலில் மூவரும் டீ குடித்தோம். அந்த அம்மா கேபினுக்குள் தலையை விட்டு ஸ்டீரிங்கை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க சாமி. இந்த ஒரு கீறல் போடறதுக்குங்களா மூணு நாளு?"